விலை போகாத ஈஸ்ட்

ரொட்டி மாவைப் பொங்க வைக்கும் ஈஸ்ட், மலேரியாவுக்கு மருந்து தருமா? தரும் என்று காட்டினார் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜே கீஸ்லிங்.

உயிரைப் பறிக்கும் ஃபால்சிபாரம் மலேரியாவுக்கு இன்று முதல் சிகிச்சை, ஆர்ட்டிமிசினின் வகைக் கூட்டு மருந்து. மரிக்கொழுந்து இனத்தைச் சேர்ந்த ஒரு செடியிலிருந்து ஆர்ட்டிமிசினின் கிடைக்கிறது. விளைச்சல் பெருகினால் விலை சரியும், விவசாயி வேறு பயிருக்குத் தாவுவார், பிறகு தட்டுப்பாடு. இந்தச் சுழலை உடைக்க 2004-ல் கேட்ஸ் அறக்கட்டளை 4.26 கோடி டாலர் தந்தது.

செடியின் மரபணுக்களை ஈஸ்ட்டில் புகுத்தினார்கள். தனக்கு வேண்டிய கொழுப்புப் பொருளைத் தயாரிக்கும் பாதையிலிருந்து அது திசை திருப்பப்பட்டது. சர்க்கரையைத் தின்று ஆர்ட்டிமிசினிக் அமிலம் தந்தது. 2013-ல் எட்டிய அளவு, லிட்டருக்கு 25 கிராம். அதை ரசாயன முறையில் மருந்தாக்க சனோஃபி நிறுவனம் இத்தாலியில் உற்பத்தியைத் தொடங்கியது. லாபம் வைக்காமலே கிலோ 350 டாலருக்குக் குறையாது என்றது கணக்கு.

அதற்குள் செடிச் சரக்கின் விலை 250 டாலருக்கும் கீழே போய்விட்டது. 2015-ல் சனோஃபி ஈஸ்ட் வழியில் ஒரு கிலோகூடத் தயாரிக்கவில்லை. 2016-ல் ஆலையை விற்கும் செய்தி வந்தது.

விஞ்ஞானம் தோற்கவில்லை. ஆனால், தட்டுப்பாட்டுக் காலத்துக்கான ஏற்பாட்டை மலிவு விலைக் காலத்தில் சந்தை காப்பாற்றாது. அந்தச் செலவை அரசுகளும் உதவி அமைப்புகளும்தான் ஏற்க வேண்டும். மழை இல்லை என்பதற்காக யாராவது குடையைப் பழைய சாமான் கடையில் போடுவார்களா?