கரண்ட் போனது கணக்கில் இல்லை! வாழை சாய்ந்தது ஏட்டில் இல்லை!



சித்திரையில் ஒரு சூறைக்காற்று, ஆனி ஆடியில் மேகாற்று, ஐப்பசி கார்த்திகையில் மழை. வருஷத்தில் மூன்று தடவை நம்ம வயலில் போஸ்ட் சாயுது, கம்பி அறுந்து விழுது, குலை தள்ளின வாழை ஒடிஞ்சு விழுது. தச்சநல்லூர் மாநகராட்சி மண்டலம் என்று பெயர்தான் பெரிசு. கடைத்தெருவில் கரண்ட் போனால் ஒரு மணி நேரத்தில் ஆள் வரும். வயல்காட்டு லைனில் போனால்? "ஆள் இல்லை, நாளைக்குப் பார்ப்போம்" என்பதே பதில்!

2023 டிசம்பர் 17, 18-ஐ மறந்துவிட முடியுமா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரை புரண்டு, கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீஸையே தண்ணீர் சூழ்ந்தது. ஸ்ரீவைகுண்டத்தில் சுமார் 800 பயணிகளோடு ரயில் நின்றுபோனதை நாடே பார்த்தது. கிணற்றோடு மோட்டார் மூழ்கியதை யார் பார்த்தார்கள்? ஸ்டார்ட்டரில் சேறு அடைத்ததை யார் எழுதினார்கள்? எழுதாத சேதம் சர்க்காருக்குச் சேதமே இல்லை, அய்யா!

"புகாரா? மின்னகத்துக்குப் போன் போடுங்க" என்கிறார்கள். 2021-ல் ஆரம்பித்த 94987 94987 நல்ல ஏற்பாடுதான், மறுக்கவில்லை. ஆனால் கரண்ட் போனால் செல்போன் டவரும் படுத்துவிடுகிறது. அந்த வெள்ளத்தில் பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்டும் இல்லை, போனும் இல்லை. எந்த நம்பருக்கு எதில் பேசுவது? பயிர்க் காப்பீட்டிலோ, குறிப்பிட்ட சில சேதங்களை 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்கணும் என்று சட்டம் பேசுகிறார்கள். இருட்டில் கிடக்கிற ஊர்க்காரன் எதை வைத்துத் தெரிவிப்பான்?

"ஓசி கரண்டுதானே" என்று ஏளனம் பேசுகிறவர்களுக்குச் சொல்கிறோம். இது யாரும் போட்ட பிச்சை இல்லை! 1970-ல் பெருமாநல்லூரில் துப்பாக்கிக் குண்டுக்கு மார்பைக் காட்டி, 1972-ல் மாட்டுவண்டிகளோடு கோவையை மறித்து, நாராயணசாமி நாயுடு தலைமையில் உழவர்கள் போராடிய வரலாறு இதன் பின்னால் இருக்கிறது. மேலும், 2003-ம் வருஷத்து மின்சாரச் சட்டம் 65-வது பிரிவுப்படி அரசு கொடுக்கும் மானியத்தை வாரியத்துக்கு முன்கூட்டியே கட்டியாக வேண்டும். நம்ம கரண்டுக்கு விலை உண்டு. எனவே நாமும் மின் நுகர்வோர்தான். அதே சட்டத்தின் 57-வது பிரிவு, நிர்ணயித்த தரத்தில் சேவை தராவிட்டால் நஷ்டஈடு தரணும் என்கிறது. புயல் வெள்ளக் காலத்தில் கெடு தளரும் என்பார்கள், சரி, நியாயம்தான். மழை விட்டு வாரக்கணக்காகியும் போஸ்ட் சாய்ந்தே கிடந்தால் அதுவும் புயலா?

இங்கேதான் சூட்சுமம். கணக்குத் தொடங்குவதே புகாரில்தான். லைன்மேனிடம் வாய்வார்த்தையாகச் சொன்னது புகார் ஆகாது. டிரான்ஸ்பார்மர் எரிந்தால் நாமே வசூல் போட்டு, டிராக்டர் வாடகை கொடுத்து இறக்கி ஏற்றுகிறோம். வேலை முடிந்ததும் கப்சிப்! ஏட்டிலோ "புகார் எதுவும் இல்லை". புகார் இல்லாத ஊருக்குப் புதுக் கம்பி எதற்கு, ஆள் எதற்கு என்று காலி இடங்களை நிரப்பாமல் விட்டுவிடுகிறார்கள். 2010-ல் வாரியத்தைப் பிரித்தார்கள், 2024-ல் மறுபடி பிரித்தார்கள். போர்டு மாறியது, தொங்குகிற கம்பி மாறவில்லை!

நிவாரணக் கணக்கையும் பாருங்கள். 2023 வெள்ளத்துக்கு 33 சதவீதத்துக்கு மேல் அழிந்த இறவைப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய். ஏக்கருக்கு ஏழாயிரம்கூட வராது. ஏக்கருக்கு ஆயிரம் வாழை என்றால், ஒரு வாழைக்கு ஏழு ரூபாய்க்கும் குறைவு. முட்டுக் கொடுத்த கம்புக்கே காணாது! அந்த ஏழு ரூபாயும் வி.ஏ.ஓ. அடங்கலில் ஏறினவனுக்குத்தான்.

எங்கள் கோரிக்கைகள்:

1. ஒவ்வொரு மின்வாரியப் பிரிவு ஆபீஸிலும், வி.ஏ.ஓ. ஆபீஸிலும் புகார்ப் புத்தகம் வைத்து, தேதி, நேரம் போட்டுக் கையெழுத்தோடு ரசீது கொடு!

2. கரண்டும் போனும் துண்டித்த நாட்களை 72 மணி நேரக் கெடுவிலிருந்து கழி!

3. வயல்காட்டுச் சாய்ந்த போஸ்ட், தொங்கும் கம்பிகளை மழைக்கு முன்னாலேயே கணக்கெடுத்து மாற்று! களப்பணியாளர் காலி இடங்களை நிரப்பு!

4. சேதக் கணக்கெடுப்புப் பட்டியலை ஊர்ப் பொது இடத்தில் ஒட்டு!

5. வாழைக்கு சாகுபடிச் செலவை வைத்து நிவாரணம் நிர்ணயம் செய்!

விவசாயிகளே! அறுந்த கம்பியைத் தொடாதீர்கள், மாட்டையும் பக்கத்தில் விடாதீர்கள். முதல் வேலையாகப் புகார் கொடுங்கள், எண்ணை எழுதி வையுங்கள். போன் இல்லையா, வெள்ளைத்தாளில் எழுதி நகலில் கையெழுத்து வாங்குங்கள். சாய்ந்த வாழையை வெட்டும் முன் போட்டோ எடுங்கள். அத்தனையையும் எடுத்துக்கொண்டு, கலெக்டர் ஆபீஸில் மாதாமாதம் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்துக்குத் திரண்டு வாருங்கள். ஒருத்தன் புகார் காகிதம். ஊரே கொண்டுபோனால் அது ஆதாரம்!

கேட்பது பிச்சை அல்ல, உரிமை! அணி திரள்வோம்! வெல்வோம்!

இவண்,
விவசாயிகள் சங்கத்தார், தச்சநல்லூர்