ஏற்றப்படுகிறது, காத்திருக்கவும்

மாண்புமிகு மாநகராட்சி ஆணையர் அவர்களுக்கு,

பூங்காச் சுவரில் கவிதை தோன்றும் என்று தாங்கள் அறிவித்தபோது மனமாரக் கைதட்டியவர்களில் நானும் உண்டு. மிகை மெய்ம்மை (ஆக்மென்டட் ரியாலிட்டி) என்னும் நுட்பத்தோடு எனக்குப் பகையில்லை. 2019-இல் ஆப்பிள் நிறுவனமும் நியூயார்க்கின் நியூ மியூசியமும் நடத்திய கலை உலாவில், கவிஞர் ஜான் ஜியோர்னோவின் வரிகளைக் கைப்பேசித் திரை வழியே மக்கள் கண்டார்கள். நம் ஊருக்கும் அந்த வாய்ப்பைத் தர நினைத்த தங்கள் பெருந்தன்மையை இன்றும் மதிக்கிறேன்.

கைப்பேசியை நீட்டினால் கவிதை எழுந்து நிற்கும் என்றீர்கள். நீட்டினோம். கியூஆர் குறியீடு ஒரு செயலியை நிறுவச் சொன்னது. செயலியோ கேமராவோடு எங்கள் தொடர்பு எண்களையும் கேட்டது. கவிதை படிக்க எண்கள் எதற்கு என்பதைத் தங்களைப் போன்ற கற்றறிந்தோரே விளக்க வேண்டும். மதிய வெயிலில் திரை தெரியவில்லை. மாலையில் தெரிந்தது: கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம், நடுவே ஒரு புள்ளிவட்டம். தமிழைக் கோத்துக் காட்டத் தெரியாத மென்பொருளில் வரிகளை அப்படியே ஒட்டினால் இப்படித்தான் வரும். திறப்பு விழாவுக்கு முன் தமிழறிந்த ஒருவர் பார்த்திருந்தால் போதும். அருகிலுள்ள கல்வெட்டில் தங்கள் திருப்பெயர் மட்டும் ஒரு கொம்பும் பிசகாமல் இருப்பதில் எங்களுக்கு மகிழ்ச்சியே.

இப்போது அந்தத் தொல்லையும் இல்லை. ‘ஏற்றப்படுகிறது, காத்திருக்கவும்’ என்பதைத் தவிரத் திரையில் எதுவும் வருவதில்லை. பராமரிப்பு ஒப்பந்தம் முடிந்துவிட்டதாம். இது முன்பே தெரிந்த ஆபத்துதான். 2010-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்துக்குள் அழைப்பின்றியே மெய்நிகர் படைப்புகளை வைத்த கலைஞர்கள் நம்பியது லேயர் என்ற மிகை மெய்ம்மைச் செயலியை. அதை 2014-இல் வாங்கிய பிளிப்பர் நிறுவனம் 2018-இல் நொடித்துப்போனது. அடுத்தவர் சர்வரில் குடியிருக்கும் கலைக்கு ஆயுள், வாடகை கட்டும் வரைதான். 1976-இல் திறந்த வள்ளுவர் கோட்டத்தில் 1330 குறள்களையும் கல்லில் பொறித்தவர்களுக்கு அந்தக் கவலை இருக்கவில்லை.

எல்லாவற்றையும் கல்லில் வெட்டுங்கள் என்று கேட்கவில்லை. கவிதையையும் கவிஞர் பெயரையும் அந்தக் குறியீட்டின் கீழே பெயின்டால் எழுதுங்கள். செயலியின்றி உலாவியிலேயே திறக்கும்படி செய்து, கோப்புகளை மாநகராட்சியின் சர்வரில் வையுங்கள். திறப்பு விழாவுக்கு எவ்வளவு, பராமரிப்புக்கு எவ்வளவு என்ற கணக்கையும் வெளியிடுங்கள்.

அடுத்த திட்டத்துக்கு அழைப்பிதழ் அச்சாகிறது என்று கேள்விப்பட்டேன். அதற்கு முன் இம்மடலுக்குப் பதில் வரும் என நம்புகிறேன். அதைத் தயவுசெய்து காகிதத்திலேயே அனுப்புங்கள்.

தங்கள் உண்மையுள்ள,
வரி செலுத்தும் வாசகன்