இரண்டு இருந்தால் ரகளை!

"எங்கள் வீட்டு உப்புத் தண்ணீர்த் தொட்டியில் மஞ்சள் டாங் மீன் ஒன்று ஒரு வருஷமாகச் சமர்த்தாக இருந்தது. ஒண்டியாக இருக்கிறதே, பாவம் என்று துணைக்கு இன்னொன்று வாங்கி விட்டோம். வந்த நிமிஷத்திலிருந்து பழையது புதியதை ஓட ஓட விரட்டுகிறது. கடலில் கூட்டம் கூட்டமாகத் திரிகிற மீன்கள்தானே இவை? வீட்டுக்கு வந்ததும் ஏன் இந்தக் குணம்?" என்று ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்.

நியாயமான கேள்வி. இதே இரக்கத்தினால் இதே காரியத்தைச் செய்துவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டு நிற்பவர்கள் அநேகம் பேர். ஆகையால் இந்த வாரம் டாங் மீன்களின் குடும்ப விவகாரத்தைக் கொஞ்சம் விசாரிப்போம்.

முதலில் அவற்றின் ஆயுதத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். டாங் மீனுக்கு 'சர்ஜன் மீன்' என்று இன்னொரு பெயர் உண்டு. வால் ஆரம்பிக்கிற இடத்தில், பக்கத்துக்கு ஒன்றாகக் கூர்மையான முள் இருக்கிறது. மஞ்சள் டாங்கிற்கு அது பேனாக்கத்தி மாதிரி மடங்கிப் படுத்திருக்கும். கோபம் வந்தால் வாலை ஒரு வீசு; எதிரியின் விலாவில் ஒரு கீறல்! ஆஸ்பத்திரி சர்ஜன் கீறினால் தைத்தும் விடுவார். இவர் கீறுவதோடு சரி. வலை போட்டுப் பிடித்தால் இந்த முள் வலையில் மாட்டிக்கொள்ளும். நம் விரலையும் பதம் பார்க்கும். பாத்திரத்தில் தண்ணீரோடு மொண்டு எடுப்பதே நல்லது.

இத்தனை ஆயுதம் எதற்கு? எல்லாம் சாப்பாட்டுக்காகத்தான். டாங் மீன்களில் பெரும்பாலானவை பாசி தின்று பிழைப்பவை. ஹவாய்த் தீவுகளில் மஞ்சள் டாங் பகல் முழுவதும் பவழப் பாறையைக் கொறித்துக்கொண்டே இருக்கும். கடல் ஆமையின் ஓட்டில் படிந்திருக்கும் பாசியைக்கூட விடாமல் மேய்ந்துவிடும். பாசியில் சத்துக் கொஞ்சம். ஆகவே ஓயாமல் தின்றால்தான் வயிறு நிறையும். நல்ல பாசி உள்ள பாறை என்றால் அதற்கு அது பத்து ஏக்கர் நன்செய் நிலம் மாதிரி!

இட்லிக் கடைக்காரர் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் ஜவுளிக் கடை வந்தால் அவருக்குக் கவலை இல்லை. இன்னொரு இட்லிக் கடை வந்தால்தான் தூக்கம் போய்விடுகிறது. மீன்களின் கதையும் அதுவே. வேறு இரை தின்னும் மீன் எதிரே போனால் டாங் பெரும்பாலும் சட்டை செய்யாது. தன்னைப் போன்ற உருவம், தன்னைப் போன்ற நிறம், தன்னைப் போன்ற வாய் உள்ள ஒன்று வந்தால்தான் முதுகுத் துடுப்பை விறைத்துக்கொண்டு கிளம்பும். நாம் துணை என்று நினைத்து வாங்கி வந்தது, அதன் கண்ணுக்குப் போட்டிக் கடை!

ஆஸ்திரிய விஞ்ஞானி கான்ராட் லாரன்ஸ் இதை உன்னிப்பாகக் கவனித்தவர். பின்னாளில், 1973-ல், நோபல் பரிசும் பெற்றார். பிராணிகளின் சண்டைக் குணத்தைப் பற்றி 1963-ல் அவர் எழுதிய புகழ்பெற்ற புத்தகம் பவழப் பாறை மீன்களில்தான் ஆரம்பிக்கிறது. கடலில் தோற்ற மீன் எல்லையைத் தாண்டி ஓடிவிடுகிறது. ஜெயித்தது அதற்குமேல் துரத்துவதில்லை. சண்டையின் நோக்கமே 'இந்த இடத்தை விட்டுப் போ' என்பதுதான். கொல்வது அல்ல. ஆனால் கண்ணாடித் தொட்டியில் எங்கே போவது? தோற்றது போகவில்லையே என்று ஜெயித்தது மறுபடியும் அடிக்கிறது. ஓட வழி இருந்தால் ஒரு நிமிஷத்தில் முடிந்திருக்கும் சண்டை, உயிர் போகும் வரையில் நீள்கிறது.

சரி, அப்படியானால் கடலில் கூட்டமாகத் திரிவது? அதற்கும் காரணம் இருக்கிறது. 'கன்விக்ட் டாங்' என்று ஒரு மீன். பழைய கைதி உடுப்பு மாதிரி உடம்பில் கறுப்புப் பட்டைகள். அதனால் அந்தப் பெயர். ஹவாய்க்காரர்கள் 'மனினி' என்கிறார்கள். இது தனியாகப் போய் இன்னொரு மீன் காவல் காக்கும் பாசியில் வாய் வைத்தால் உடனே அடி விழும். நூற்றுக்கணக்கில் சேர்ந்து இறங்கினால்? காவல்கார மீன் யாரை என்று விரட்டும்! ஒன்றை விரட்டுவதற்குள் ஒன்பது மேய்ந்துவிட்டுப் போய்விடும். ஆக, கூட்டம் என்பது அங்கே வயிற்றுப் பாட்டுக்கு ஓர் உபாயம். நாம் நினைக்கிற மாதிரி பாசமலர் அல்ல!

இதிலிருந்தே தொட்டியின் கணக்கும் புரிந்துவிடும். ஒரு மஞ்சள் டாங் என்றால் சண்டை இல்லை. ஐந்தாறு குட்டிகளை மிகப் பெரிய தொட்டியில் ஒரே நாளில் விட்டால், அடி பலர் மேல் பங்காகி லேசாகிவிடும். இரண்டு என்பதுதான் எல்லாவற்றிலும் மோசமான எண். அடிக்கிறது ஒன்று, அத்தனை அடியையும் வாங்குவது ஒன்று! ஆறடி நீளம்கூட இல்லாத தொட்டியானால் ஒன்றோடு நிறுத்திக்கொள்வதே உத்தமம். இன்னொரு டாங் வேண்டும் என்று ஆசையிருந்தால், தொட்டியும் பெரியதாக இருந்தால், உருவத்திலும் நிறத்திலும் மாறுபட்டதாகப் பாருங்கள். மஞ்சளோடு மஞ்சளைவிட, மஞ்சளோடு நீல டாங் ஒத்துப்போகும் வாய்ப்பு அதிகம். சாதுவானதை முதலில் விட்டு, முரடனைக் கடைசியில் விடவேண்டும்.

ஏற்கெனவே சண்டை மூண்டுவிட்டதா? சில யோசனைகள்:

துளைகள் போட்ட தெளிவான பிளாஸ்டிக் பெட்டியில் புதியதைப் போட்டுத் தொட்டிக்குள்ளேயே சில நாள் வையுங்கள். பழையது பார்க்கலாம், அடிக்க முடியாது. பெட்டியை முட்டுவதை அது விட்ட பிறகு, விளக்கை அணைத்துவிட்டுப் புதியதைத் திறந்துவிடுங்கள்.

அதற்கு முன் பாறைகளை இடம் மாற்றி அடுக்குங்கள். பழையதற்குத் தன் எல்லை எது என்ற கணக்கே குழம்பிப்போகும்.

முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றைத் தொட்டியின் வெளிப்புறத்தில் சாய்த்து வையுங்கள். முரடன் தன் நிழலோடு மல்லுக்கு நிற்பான். அந்த நேரத்தில் புதியது இரண்டு வாய் சாப்பிடும்.

சாப்பாடு தாராளமாக இருக்கட்டும். காய்ந்த கடற்பாசித் தாளை இரண்டு மூன்று மூலையில் கிளிப் போட்டு மாட்டுங்கள். ஒரே இடத்தில் மாட்டினால் ரேஷன் கடைத் தள்ளுமுள்ளுதான்.

இதெல்லாம் செய்தும் புதியது நீர்மட்டத்தில் மூலையோடு மூலையாக ஒதுங்கி நின்றால், உணவைத் தொடாவிட்டால், விலாவில் கீறல் தெரிந்தால், உப்புத் தூவிய மாதிரி வெள்ளைப் புள்ளி கண்டால் அதற்குமேல் பரீட்சை வேண்டாம். பயந்து கிடக்கும் டாங் மீனை வெண்புள்ளி நோய் சுலபமாகப் பிடித்துக்கொள்ளும். தொட்டியிலுள்ள மற்ற மீன்களுக்கும் பரவிவிடும். அன்றைக்கே பிரித்துவிடவேண்டும்.

போனால் போகிறது, இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்துவிடக் கூடாது. கடலில் மஞ்சள் டாங் 30 ஆண்டுக்கு மேலும் வாழக்கூடியது. எத்தனையோ வருஷங்களாக உலகத்துத் தொட்டிகளுக்கெல்லாம் ஹவாயின் மேற்குக் கரையிலிருந்துதான் இவற்றைப் பிடித்து அனுப்பினார்கள். சுற்றுச்சூழல் ஆய்வு இல்லாமல் அதற்கு அனுமதி தரக்கூடாது என்று 2017-ல் அம்மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது. ஹவாயில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தார் வெகுநாள் பாடுபட்டு 2015-ல்தான் முட்டையிலிருந்து இதை வளர்த்து ஆளாக்க முடிந்தது. அவ்வளவு தூரத்திலிருந்து, அவ்வளவு சிரமத்தில் வருகிற உயிர் நம் வீட்டு மூலையில் பட்டினி கிடந்து சாகலாமா?

சகோதரிக்கு நம் பதில் இதுதான்: உங்கள் பழைய மீன் கெட்ட மீன் அல்ல, ஒண்டியாக இருந்து ஏங்கவும் இல்லை. தன் பாசியையும் பாறையையும் காத்துக்கொண்டு சந்தோஷமாகத்தான் இருந்தது. தொட்டி சின்னதானால் புதியதை இன்றைக்கே கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அவர் பாதி விலைதான் தருவேன் என்றாலும் பேரம் பேசிக்கொண்டு நிற்கவேண்டாம்; அந்த நேரத்தில் மீன் இன்னும் இரண்டு அடி வாங்கியிருக்கும்!