வாசகசாலையின் சாவி யாரிடம்?

இந்தியாவில் வயது வந்தோரில் ஏறத்தாழப் பாதிப்பேர் போதிய அளவு உடலை இயக்குவதில்லை என்று, 2024 ஜூன் மாதம் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வெளியான ஆய்வு தெரிவித்தது. உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள் முன்னின்று நடத்திய ஆய்வு அது. 2000ஆம் ஆண்டில் 22 சதவீதமாக இருந்த இந்த அளவு, 2022இல் 49 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. ஆண்களில் 42 சதவீதம், பெண்களில் 57 சதவீதம். இதற்கு நமக்குக் கிடைக்கும் மருந்து என்ன? அதிகாலையில் எழுங்கள், நடங்கள், படியேறுங்கள், கைபேசியில் காலடிகளை எண்ணுங்கள் என்ற அறிவுரை. 2019 ஆகஸ்ட் 29 அன்று ஒன்றிய அரசு தொடங்கிய ‘ஃபிட் இந்தியா’ இயக்கத்தின் தொனியும் ஏறக்குறைய இதுவே. நடப்பதற்கு நேரமும் இடமும் துணையும் யாருக்கு உண்டு என்ற கேள்வியை அந்த அறிவுரை எழுப்புவதில்லை.

உழைக்கும் மக்களிடையே பணியாற்றும் நம் தோழர்கள் பலருக்கு இந்தப் பேச்சே எரிச்சலூட்டக்கூடும். நாள் முழுதும் செங்கல் சுமந்தவரிடம் போய் உடலை அசைக்கச் சொல்வதா என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது, ஆனால் கிராமத்தின் முழுச் சித்திரமும் அதில் இல்லை. கேரளத்தை எடுத்துக்கொள்வோம். 1970களின் நடுப்பகுதியில் ஏறத்தாழ 8.8 லட்சம் ஹெக்டேரில் நெல் பயிரிட்ட மாநிலம் அது. இன்று சுமார் 2 லட்சம் ஹெக்டேர்தான். நடவும் களையெடுப்பும் அறுவடையும் கொடுத்த உடலசைவு அந்த நிலத்தோடு போயிற்று. அதன் இடத்தில் வந்த வேலைகளின் தன்மை வேறு. கொல்லம் பகுதி முந்திரி ஆலைகளில் பெண்கள் மணிக்கணக்கில் ஒரே இடத்தில் அமர்ந்து கொட்டை உடைக்கிறார்கள். இடுப்பும் முழங்காலும் தேய்கின்றன. இதயத்துக்கு அதனால் ஒரு நன்மையும் இல்லை. துணிக்கடைகளில் நாள் முழுதும் நிற்கவைக்கப்பட்ட பெண்களோ, உட்காரும் உரிமைக்காகப் போராடி 2018இல் சட்டத் திருத்தமே பெறவேண்டியிருந்தது. உடலை நசுக்கும் உழைப்பு வேறு, உடலைப் பேணும் இயக்கம் வேறு. முன்னது மிகுந்த வாழ்க்கையில் பின்னதற்கு நேரம் இருப்பதில்லை. தமிழ்நாடு உட்பட நான்கு பகுதிகளில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து, 2014இல் வெளியான ஆய்வு, ஓய்வுநேரத்தில் உடற்பயிற்சியோ விளையாட்டோ கொண்டவர்கள் பத்து சதவீதத்துக்கும் குறைவு என்று கண்டது. ஓய்வுநேரமே வர்க்கத்துக்கும் பாலினத்துக்கும் ஏற்பப் பங்கிடப்படுகிறது என்பதை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பில்லை.

விளைவு கண்கூடு. 2023இல் வெளியான தேசிய ஆய்வின்படி இந்தியாவில் 11.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு, கேரளத்தில் 25.5 சதவீதம். எழுத்தறிவிலும் ஆயுட்காலத்திலும் முன்னிற்கும் மாநிலத்தின் நிலை இது.

அதே கேரளத்தில்தான் கவனிக்கத்தக்க ஒரு முயற்சியும் நடந்தது. திருவனந்தபுரம் மாவட்டம் நெய்யாற்றின்கரை வட்டத்தில் 60 வாக்குச்சாவடிப் பகுதிகளைத் தேர்ந்து, நீரிழிவு வரும் அபாயம் மிகுந்த, 30 முதல் 60 வயது வரையிலான 1007 பேரைச் சேர்த்து 2013இல் ஓர் ஆய்வு தொடங்கியது. பாதிப் பகுதிகளில் வழக்கமான அறிவுரைத் துண்டறிக்கையோடு நிறுத்திக்கொண்டார்கள். மறுபாதியில் ஓராண்டு முழுதும் குழுக்கூட்டங்கள் நடந்தன. அவற்றில் பெரும்பாலானவற்றை நடத்தியவர்கள் மருத்துவர்கள் அல்லர். அதே ஊரிலிருந்து தேர்ந்து பயிற்சியளிக்கப்பட்ட சாதாரண ஆண்களும் பெண்களும்தான். கூடிய இடங்கள் அங்கன்வாடி, பள்ளி, நூலகம், சமுதாயக் கூடம். குழுக்களிலிருந்து நடைக்குழுக்களும் யோகா வகுப்புகளும் வீட்டுத் தோட்டப் பயிற்சியும் கிளைத்தன.

முடிவை மிகைப்படுத்தக்கூடாது. ஈராண்டு கழித்துப் பார்த்தபோது குழுக்கள் நடந்த பகுதிகளில் 14.9 சதவீதம் பேருக்கும், நடக்காத பகுதிகளில் 17.1 சதவீதம் பேருக்கும் நீரிழிவு வந்திருந்தது. இந்த வேறுபாடு தற்செயலாகவும் நேர்ந்திருக்கலாம் என்று ஆய்வாளர்களே ஒப்புக்கொண்டார்கள். ஆனால் குடிப்பவர்களின் குடி குறைந்தது. காய்கறி, பழம் உண்பது கூடியது. அன்றாட வேலைகளைச் செய்யும் உடல்திறன் மேம்பட்டது. எனவே, கூடம் திறந்தால் நோய் ஓடிவிடும் என்று நாம் மேடையில் முழங்கவேண்டியதில்லை. ஓராண்டில் பதினைந்து கூட்டங்களால் இவ்வளவு நடந்ததென்றால், ஆண்டு முழுதும் தினமும் திறந்திருக்கும் ஓர் இடத்தால் என்ன நடக்கும் என்று கேட்பதே பொருத்தம்.

அந்த இடம் கேரளத்தில் ஏற்கெனவே இருக்கிறது. 1945இல் பி.என். பணிக்கரின் முன்முயற்சியில் 47 நூலகங்களோடு தொடங்கிய திருவிதாங்கூர் கிரந்தசாலை சங்கம், ஊர்தோறும் வாசகசாலைகளை எழுப்பிய பேரியக்கமாக வளர்ந்தது. 1975இல் யுனெஸ்கோவின் குரூப்ஸ்காயா விருதைப் பெற்றது. 1989ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கட்டட வரியோடு ஐந்து சதவீத நூலக வரி வசூலாகிறது. கட்டடம், மின்சாரம், தேர்ந்தெடுக்கப்பட்ட நிர்வாகக்குழு, பெண்களுக்கும் சிறுவர்க்கும் முதியோர்க்கும் தனித்தனி மன்றங்கள் என எல்லாம் உண்டு. இத்தகைய பொதுக்கூடத்தை இன்று புதிதாகக் கட்டவேண்டுமென்றால் எத்தனை கோடி தேவைப்படும்!

அப்படியிருந்தும் பல ஊர்களில் அந்தக் கூடம் மாலை நான்கு மணிக்குமேல் திறந்து, விளக்கு வைத்தபின் சில மணிநேரத்தில் மூடப்படுகிறது. பள்ளியிலிருந்து வந்த பிள்ளைகளைக் கவனித்து, இரவுச் சமையலில் பெண்கள் இறங்கும் நேரம் அது. நாளேடு படிப்பவர்கள், கேரம் ஆடுபவர்கள், அரசியல் பேசுபவர்கள் எல்லாரும் ஆண்கள். சாவியும் ஓர் ஆணின் சட்டைப்பையில். நிர்வாகக்குழுக்களில் நம் தோழர்கள் நிறையவே இருக்கிறார்கள் என்பதால் இதைச் சுட்டவேண்டியிருக்கிறது. உடலியக்கம் குறைந்தவர்களில் பெண்களே அதிகம் என்று கணக்கு சொல்கிறது. நாமோ அவர்கள் வரமுடியாத நேரத்தில் கதவைத் திறந்துவைத்திருக்கிறோம்.

நூலகம் படிப்பதற்கான இடம், அதை உடற்பயிற்சிக்கூடம் ஆக்குவதா என்று மூத்த தோழர்கள் சிலர் கேட்கலாம். நாடகமும் கலைவிழாவும் கால்பந்துப் போட்டியும் நடத்தி வளர்ந்த இயக்கம் அது. புத்தக அலமாரியோடு அது ஒருபோதும் நின்றதில்லை. இன்னொரு பக்கம், தனியார் செயற்கைப்புல் மைதானங்கள் மணிக்கணக்கில் வாடகை வாங்கிக்கொண்டு மலபார் முழுதும் பெருகிவிட்டன. ஊர்ப் பொதுத்திடலில் ஆடியவர்களின் பிள்ளைகள் இன்று காசு கொடுத்து ஆடுகிறார்கள். காசில்லாதவன் வேலிக்கு வெளியே நிற்கிறான். பஞ்சாயத்துக்கு ஒரு மைதானம் என்ற மாநில அரசின் திட்டம் இதற்கு ஒரு மாற்று. ஆனால் மைதானம் பெரும்பாலும் இளைஞர்களுக்கே பயன்படும். முழங்கால் வலியுள்ள ஐம்பது வயதுப் பெண்ணுக்குத் தேவை கூரையும் கழிப்பறையும் பத்துப் பேர் துணையும்.

அதற்குப் பெருஞ்செலவு இல்லை. குடும்பஸ்ரீ அயல்கூட்டங்கள் வாரந்தோறும் எப்படியும் கூடுகின்றன. காலை வேலை முடிந்த பின்னோ பிற்பகலிலோ, எந்த நேரம் என்பதை அந்தப் பெண்களே தீர்மானித்து, கூடத்தை அவர்கள் பொறுப்பில் விடலாம். சாவியின் ஒரு படி அயல்கூட்டச் செயலாளரிடம் இருக்கட்டும். பாய்கள் வாங்கவும் தெருவிளக்கைச் சரிசெய்யவும் பஞ்சாயத்தின் திட்ட நிதியில் வழியுண்டு. ஊர்ச் சுகாதார நிலையத்தின் செவிலியர் மாதம் ஒருமுறை வந்து இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கலாம். ஆனால் கூடுதல் நேரத்தின் சுமையை, சொற்ப மதிப்பூதியம் பெறும் நூலகரின் தலையில் ஏற்றிவிடக்கூடாது. அந்த நேரத்துக்கும் கூலி உண்டு என்பதை நாமே மறந்தால் வேறு யார் நினைப்பார்கள்?

பிற மாநிலத் தோழர்கள், எங்களுக்கு அத்தகைய நூலக இயக்கம் இல்லையே என்று ஒதுங்கவேண்டாம். மேற்கு வங்கத்தில் ஊர் மன்றங்கள் இருக்கின்றன. தமிழ்நாட்டில் ஊராட்சிச் சமுதாயக் கூடங்கள் இருக்கின்றன. கல்யாண நாட்களில் மட்டும் திறந்து மற்ற நாளெல்லாம் பூட்டிக் கிடப்பவை அவற்றில் எத்தனை என்று ஒன்றியக் கமிட்டிகள் எண்ணிப் பார்க்கலாம். அந்தக் கூடத்துக்குள் நுழைய ஊரின் எந்தத் தெருவுக்கு இன்னும் தயக்கம் இருக்கிறது என்பதையும் சேர்த்தே எண்ணவேண்டும். கணக்கு கைக்கு வந்தால் அடுத்த கிராமசபையில் தீர்மானமாக வைக்கலாம்: எந்தக் கூடம், எந்த நேரம், சாவி யாரிடம் என்று பெயர் குறிப்பிட்டு.