வால்வுக்கு விசிறி எதற்கு?

பழைய வால்வு ரேடியோவையும் ஆம்பிளிபயரையும் தூசி தட்டிப் பாட வைக்கிறவர்கள் பெருகியிருப்பதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் பின்னால் ஒரு கம்ப்யூட்டர் விசிறியைக் கட்டிவிட்டு, "சார், இப்ப வால்வு சூடே ஆகறதில்லை" என்று பெருமைப்படுகிறார்களே, அங்கேதான் கோபம் வருகிறது.

வால்வு சூடாகத்தானே வேண்டும்! உள்ளே கேதோடு 700 டிகிரிக்கு மேல் கனன்றால்தான் எலெக்ட்ரானே கிளம்பும். ஈஎல்84 வால்வை எடுத்துக்கொள்ளுங்கள். ஹீட்டருக்கு 6.3 வோல்ட், 0.76 ஆம்பியர், அதுவே ஏறக்குறைய 5 வாட். பிளேட் தாங்குவது 12 வாட். கட்டைவிரல் பருமன் கண்ணாடிக்குள் இத்தனையும் இருந்தால் தொட முடியாமல் சுடும். அது நோயல்ல, சுபாவம்.

நோய் எது தெரியுமா? விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள். நடுவில் ஹீட்டர் ஆரஞ்சு நிறத்தில் ஒளிர்வது சரி. சுற்றியுள்ள சாம்பல் நிற பிளேட் சிவந்தால் ஆபத்து. பெரும்பாலும் குற்றவாளி, கிரிட்டுக்கு வரும் பழைய பேப்பர் கண்டென்சர். அது கசிந்தால் கிரிட்டில் பாசிட்டிவ் வோல்டேஜ் ஏறும், கரண்ட் எகிறும். விசிறி கண்ணாடியைக் குளிர்விக்கும், கசிவை நிறுத்துமா? வால்வு போனால் வேறு வாங்கலாம். அதோடு அவுட்புட் டிரான்ஸ்பார்மரும் எரிந்தால், பழையபடி சுற்றித்தர ஆள் தேடி அலைய வேண்டும்.

இன்னொன்று, பின்பக்க வோல்டேஜ் டேப். அது 220இல் இருக்க, வீட்டில் 240 வந்தால் ஹீட்டருக்கு 6.9 வோல்ட் போகும். டேப்பை மாற்ற ஒரு நிமிடம் ஆகுமா?

காற்றோட்டம் வேண்டாம் என்று சொல்லவில்லை. பின் அட்டையில் துளைகள் போட்டவன் முட்டாளல்ல. அதைச் சுவரோடு ஒட்டி வைத்து, மேலே பூவேலைத் துணி போர்த்தி, ஷோகேஸில் பூட்டுகிறவர்களை என்னவென்று சொல்ல? நாலு விரற்கடை இடம் விடுங்கள். அடைத்த பெட்டிக்குள் பில்டர் கண்டென்சர் வெந்து உலராமலிருக்க, சூட்டை வெளியே இழுக்கும் மெதுவான விசிறி வைத்தால் சண்டைக்கு வரமாட்டேன்.

ஆனால் முதலில் மல்டிமீட்டரை எடுங்கள். 250 வோல்ட்டில் ஒற்றை ஈஎல்84, கேதோடில் 135 ஓம் என்றால், அந்த ரெசிஸ்டரின் குறுக்கே 7 வோல்ட் சுமார் இருக்க வேண்டும். 10ஐத் தாண்டினால் அணைத்துவிட்டு அந்தக் கண்டென்சரை மாற்றுங்கள். அணைத்த பிறகும் பில்டர் கண்டென்சரில் சார்ஜ் தங்கியிருக்கும். இறக்காமல் கை வைக்காதீர்கள்.