வாலடைல் போட்டால் போதுமா?

2004 டிசம்பர் 26 அன்று காலை, பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்துக்குள் சுனாமி புகுந்தபோது இந்தியப் பெருங்கடலுக்கென்று ஒரு சுனாமி எச்சரிக்கை அமைப்பே கிடையாது. இந்தியாவின் எச்சரிக்கை மையம் 2007 அக்டோபரில்தான் ஐதராபாத்தில் தொடங்கியது. சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் என்.ஐ.ஓ.டி. இதற்காகக் கடலில் மிதவைகளை நிறுவியது. கடலடியில் ஒரு கருவி நீரின் அழுத்தத்தை அளக்கும். அது ஒலி அலையில் மிதவைக்குச் சொல்ல, மிதவை செயற்கைக்கோள் வழியாகக் கரைக்குச் சொல்லும்.

இப்படி ஒரு கருவியின் சின்ன மாதிரியை ஒரு மாணவர் ப்ராஜெக்டாகச் செய்வதாக வைத்துக்கொள்வோம். அழுத்தம் எல்லை தாண்டினால் இன்டரப்ட் வரும்; அந்த ரொட்டீன் 'அபாயம்' என்ற வேரியபிளை 1 ஆக்கும். மெயின் ப்ரோகிராம், அபாயம் 0 ஆக இருக்கும்வரை லூப்பில் காத்திருக்கும். ஆப்டிமைசேஷன் இல்லாமல் கம்பைல் செய்தால் அருமையாக ஓடும். ஆப்டிமைசேஷனைப் போட்டால்... அலை வந்தாலும் லூப்பை விட்டு வெளியே வராது!

கம்பைலர் மேல் தப்பில்லை. லூப்புக்குள் அபாயத்தை யாரும் மாற்றவில்லை. அதனால் ஒரே ஒரு முறை ரெஜிஸ்டரில் படித்து வைத்துக்கொண்டு அதையே பார்க்கிறது. இன்டரப்டைக் கூப்பிடுவது ஹார்டுவேர் என்பது அதற்கு எப்படித் தெரியும்? அதைச் சொல்லத்தான் 1989-ன் ஆன்சி சி தரத்திலேயே வாலடைல் வந்தது. 'இதன் மதிப்பு உனக்குத் தெரியாமல் மாறலாம், ஒவ்வொரு தடவையும் மெமரியில் போய்ப் படி' என்பதே அதன் பொருள்.

இன்டர்வியூவுக்கு இவ்வளவு போதும். வேலைக்குப் போதாது. எது நின்றாலும் எல்லா வேரியபிளுக்கும் வாலடைல் ஒட்டிப் பார்ப்பது, காய்ச்சல் எதுவானாலும் ஒரே மாத்திரை கொடுப்பது மாதிரி.

ஆர்டுயினோ ஊனோவின் பழைய வகைகளில் இருப்பது 8 பிட் சிப். 16 பிட் எண்ணை அது இரண்டு தடவையாகத்தான் படிக்கும். அழுத்தம் 255 என்று இருக்கிறது. கீழ் பைட்டை (255) படித்தவுடன் இன்டரப்ட் வந்து மொத்த எண்ணை 256 ஆக்குகிறது. அடுத்துப் படிக்கும் மேல் பைட்டில் 1 இருக்கும். கையில் கிடைப்பது 511! வாலடைல் போட்டிருந்தும்தான். அந்தப் படிப்பு முடியும்வரை இன்டரப்டை நிறுத்தி வைப்பதே இதற்கு வழி. த்ரெட்களுக்கும் வாலடைல் பாதுகாப்பு இல்லை. அதற்காகவே சி மொழியின் 2011 தரத்தில் அட்டாமிக் வகைகள் தனியாக வந்தன.

முதல் தவறில் எச்சரிக்கை வராது. இரண்டாவதில் பொய் எச்சரிக்கை வரும். நடுராத்திரியில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வீணாக ஓடியவர்கள் அடுத்த முறை நம்பி எழுந்து ஓடுவார்களா?

எனவே லேபில் முதல் நாளிலிருந்தே ஆப்டிமைசேஷனை ஆன் செய்துவிட்டுக் கற்றுக்கொடுக்க வேண்டும். ஒவ்வொரு வாலடைலுக்கும் பக்கத்தில் 'இதை யார் மாற்றுகிறார்?' என்று ஒரு வரி கமெண்ட் எழுதச் சொல்ல வேண்டும். பதில் எழுத முடியாத இடத்தில் கோளாறு வேறு எங்கோ இருக்கிறது!