புல்வெளி இன்றிப் புரவி இல்லை

நுழையும்முன்

போலோ என்றதும், செல்வர்கள் உயர்ந்த குதிரைகளில் ஏறி ஆடும் அயல்நாட்டு விளையாட்டே பலரது நினைவுக்கு வருகிறது. அவ்விளையாட்டின் இன்றைய வடிவம் இந்தியாவின் வடகிழக்கிலிருந்து உலகுக்குச் சென்றது என்பதைச் சிலரே அறிவர். அதைத் தன் முதுகில் சுமந்த குதிரை இன்று எந்நிலையில் உள்ளது, அதற்கு நாடு செய்ய வேண்டியது யாது என்பவற்றை இக்கருத்துக் கட்டுரை எடுத்துரைக்கிறது.

உருவம் சிறிது, புகழ் பெரிது

இந்தியாவுக்கே உரிய குதிரை இனங்கள் பல உள்ளன. இராசத்தானின் மார்வாரிக் குதிரைக்குக் காதுகள் உள்நோக்கி வளைந்து நுனியில் ஒன்றையொன்று தொடும். குசராத்தின் கத்தியவாரிக்கும் அத்தகைய காதுகளே அழகு. ஸ்பிதி, சான்ஸ்கரி ஆகிய மலைக் குதிரைகள் கடுங்குளிரிலும் காற்றழுத்தம் குறைந்த உயரங்களிலும் சுமை தாங்கி நடப்பவை. இவற்றுள் மணிப்பூரின் மட்டக்குதிரைக்குத் தனியிடம் உண்டு.

குதிரையின் உயரத்தைக் 'கை' என்னும் அளவால் குறிப்பது மரபு. ஒரு கை என்பது நான்கு அங்குலம். மணிப்பூர்க் குதிரையின் உயரம் 11 முதல் 13 கை வரையே. அதாவது, தரையிலிருந்து தோள்மேடு வரை ஏறத்தாழ நான்கடி. பந்தயக் குதிரையின் அருகில் நின்றால் அது குட்டியைப் போலத் தோன்றும். ஆயினும், மூர்த்தி சிறிதானாலும் கீர்த்தி பெரிது என்னும் பழமொழி அதற்கு முற்றிலும் பொருந்தும். உறுதியான குளம்பு, சட்டெனத் திரும்பும் உடல், எளிய தீவனத்தில் நிறைவுறும் இயல்பு ஆகியவை அதன் செல்வங்கள்.

மெய்தெய் மக்களின் வரலாறே இக்குதிரையின் மீது ஏறி வந்தது எனலாம். போர்க்களத்தில் வீரர்கள் குதிரையை விரட்டியபடியே 'அரம்பை' என்னும் எறிபடையைப் பின்னோக்கி வீசிப் பகைவரை வீழ்த்தினர். 18ஆம் நூற்றாண்டில் பாம்ஹெய்பா மன்னரின் குதிரைப்படை, பர்மாவின் ஐராவதி ஆற்றங்கரையிலுள்ள சகாயிங் வரை சென்று வந்தது.

உலகுக்குச் சென்ற ஆட்டம்

அமைதிக் காலத்தில் அதே குதிரைகள் 'சகோல் காங்ஜெய்' என்னும் ஆட்டத்தில் இறங்கின. மணிப்பூரி மொழியில் 'சகோல்' என்றால் குதிரை. அணிக்கு எழுவர் ஆடுவர். கோல்கம்பம் கிடையாது, மூங்கில் வேரில் செய்த பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் அடித்துவிட்டால் ஒரு புள்ளி. ஆட்டக்காரர்கள் தலைப்பாகை கட்டி, வெறுங்காலோடு குதிரையேறுவர். மன்னர்க்கு மட்டும் உரிய ஆட்டமாக இஃது இருக்கவில்லை. ஊர் மக்களும் ஆடினர். இம்பாலிலுள்ள மாபல் காங்ஜெய்புங், உலகில் இன்றும் ஆட்டம் நடைபெறும் மிகப் பழைய போலோ திடலாகப் போற்றப்படுகிறது.

அசாமின் கச்சார் பகுதியில் வாழ்ந்த மணிப்பூரிகள் ஆடியதைக் கண்ட ஆங்கிலேய அலுவலர்களும் தேயிலைத் தோட்டக்காரர்களும் தாமும் ஆட விரும்பினர். ஜோசப் ஷெரர், ராபர்ட் ஸ்டூவர்ட் ஆகியோரின் முயற்சியால் 1859இல் சில்சாரில் போலோ சங்கம் தோன்றியது. அடுத்துக் கொல்கத்தாவில் சங்கம் எழுந்தது. பிறகு ஆட்டம் இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. அங்கே விதிகள் மாறின. அணிக்கு நால்வர் என்றாயிற்று. 1900 முதல் 1936 வரை ஐந்து ஒலிம்பிக் போட்டிகளில் போலோ இடம்பெற்றது. 1924, 1936 ஆகிய இரு ஆண்டுகளிலும் அர்ஜென்டினா தங்கம் வென்றது.

இந்த வெற்றிப் பயணத்தில் மட்டக்குதிரை பின்தங்கிவிட்டது. தொடக்கத்தில் ஆட்டக் குதிரை இன்ன உயரத்தை மிஞ்சக்கூடாது என வரம்பு இருந்தது. நாளடைவில் அவ்வரம்பு தளர்ந்து, இறுதியில் நீங்கியது. உயரமும் வேகமும் மிக்க கலப்பினக் குதிரைகள் உலகத் திடல்களைக் கைப்பற்றின. ஆட்டத்தை அளித்த குதிரைக்கு ஆட்டத்தில் இடமில்லாமல் போயிற்று.

தேயும் எண்ணிக்கை

கால்நடைக் கணக்கெடுப்பின்படி 2003இல் மணிப்பூரில் 1,898 மட்டக்குதிரைகள் இருந்தன. 2012இல் அவை 1,101 ஆகவும், 2019இல் 1,089 ஆகவும் குறைந்தன. பதினாறு ஆண்டுகளில் ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேல் அழிந்துள்ளன.

இதற்குக் காரணம் வேட்டையன்று, பெருநோயுமன்று. மணிப்பூரில் குதிரையை லாயத்தில் கட்டித் தீனி போட்டு வளர்க்கும் வழக்கம் குறைவு. 'பாட்' எனப்படும் சதுப்பு நிலங்களிலும் ஊர்ப் பொது வெளிகளிலும் அவை தாமே மேய்ந்து திரியும். ஆட்ட நாளில் உரியவர் பிடித்து வருவார். அந்நிலங்கள் தூர்ந்து கட்டடங்களாக மாறின. மேய்ச்சலுக்குப் பேர்பெற்ற லாம்பேல்பாட் சதுப்பும் இவ்வாறே சுருங்கியது. புல்லை இழந்த குதிரைகள் நகரத் தெருக்களுக்கு வந்தன. குப்பையைக் கிளறி நெகிழிப் பைகளைத் தின்று சில மடிகின்றன. ஊர்திகள் மோதிச் சில மடிகின்றன.

சிலை போதுமா?

அரசு வாளாவிருக்கவில்லை. 2016இல் மணிப்பூர் அரசு மட்டக்குதிரைப் பாதுகாப்புக்கெனக் கொள்கை ஒன்றை வகுத்தது. 2023இல் இம்பாலுக்கு அருகே மார்ஜிங் குன்றில், மட்டக்குதிரை மீது அமர்ந்த போலோ வீரனின் சிலை சுமார் 120 அடி உயரத்தில் திறந்து வைக்கப்பட்டது. பெருமையை நினைவூட்டச் சிலை உதவும் என்பதில் ஐயமில்லை. ஆனால், சிலைக்கு எழுந்த உயரத்தைக் கண்டு உயிர்க் குதிரை காப்பாற்றப்பட்டுவிட்டது என நிறைவடைவது, மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்குவது போன்றதே.

பெயரும் உருவமும் நிலைத்தால் மட்டும் உயிரினம் நிலைப்பதில்லை. தமிழில் குதிரைக்குப் பரி, புரவி, இவுளி, மா எனப் பல பெயர்கள் உள்ளன. போர்க்குதிரையின் வீரத்தைப் பாடுவதற்கெனக் 'குதிரை மறம்' என்னும் துறையே புறப்பாடல்களில் உண்டு. சொற்கள் நூல்களில் வாழ்கின்றன. அச்சொற்கள் குறித்த குதிரைகளைத் தமிழக ஊர்களில் இன்று அரிதாகவே காணலாம். மணிப்பூரிலும் இந்நிலை வர விடுதல் கூடாது.

ஐஸ்லாந்து காட்டும் வழி

ஐஸ்லாந்துக் குதிரையும் குள்ளமானதே. 13, 14 கை உயரமுடையது. எனினும் அந்நாட்டில் ஏறத்தாழ 80,000 குதிரைகள் உள்ளன. மக்கள்தொகையோ நான்கு இலட்சத்தை ஒட்டியதே. வேற்று நாட்டுக் குதிரை எதையும் உள்ளே கொண்டுவர அங்குச் சட்டம் இடங்கொடாது. உலகப் போட்டிக்குச் சென்ற சொந்தக் குதிரையும் திரும்பி வர இயலாது. நோயும் கலப்பும் நுழையாதிருக்கவே இக்கட்டுப்பாடு.

சட்டத்தினும் வலியது பயன்பாடு. கோடையில் மலைகளில் மேயவிட்ட ஆடுகளை இலையுதிர்காலத்தில் திரட்டி வருவதற்கு உழவர்கள் இன்றும் குதிரையேறிச் செல்கின்றனர். ஏறியவரைக் குலுக்காமல் விரையும் 'டோல்ட்' என்னும் தனி நடையே அக்குதிரையின் சிறப்பு. அந்நடையை அளவிடுவதற்கென்றே போட்டிகள் நடைபெறுகின்றன. பிறர் குதிரையோடு தம் குதிரையை உயரத்தில் ஒப்பிட்டு அம்மக்கள் வருந்தவில்லை. தம் குதிரைக்கு ஏற்ற ஆட்டத்தை வகுத்துக்கொண்டனர்.

மறுப்புகளும் விடைகளும்

ஐஸ்லாந்தில் நிலம் மிகுதி, மக்கள் குறைவு. மணிப்பூரின் நிலை வேறு எனச் சிலர் கூறலாம். அது மெய்யே. மணிப்பூரின் பரப்பில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே சமவெளி. மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அங்கேதான் வாழ்கின்றனர். வீடும் மருத்துவமனையும் சாலையும் அவர்களுக்குத் தேவை. குதிரைக்காக மனிதர் இடம்பெயர வேண்டும் என எவரும் கேட்க முடியாது. ஆனால், சதுப்பு நிலம் குதிரைக்கு மட்டும் உரியதன்று. மழை வெள்ளத்தைத் தாங்கி, ஊரை மூழ்காமல் காப்பதும் அதுவே. எஞ்சிய சதுப்பைக் காப்பதால் குதிரைக்குப் புல்லும் மக்களுக்குப் பாதுகாப்பும் ஒருங்கே கிட்டும்.

உயர்ந்த குதிரைகளோடு போட்டியிட இயலாத இனத்தைக் காப்பது வீண்செலவு என்போரும் உளர். வேகம் ஒன்றே குதிரையின் அளவுகோல் அன்று. சிறு தீனியில் வாழ்ந்து, ஈர நிலத்திலும் மலைச் சரிவிலும் இடறாமல் செல்லும் பண்புகள் பல தலைமுறைகளில் உருவானவை. இழந்தபின் எந்தப் பொருளைக் கொடுத்தும் அவற்றை வாங்க இயலாது.

செய்ய வேண்டுவன

முதலாவதாக, மேய்ச்சல் நிலங்கள் எல்லை வகுக்கப்பட்டுச் சட்டத்தால் காக்கப்பட வேண்டும். இரண்டாவதாக, சகோல் காங்ஜெய் திருவிழா நாளின் காட்சியாகச் சுருங்காமல் பள்ளிகளிலும் ஊர்களிலும் ஆண்டு முழுதும் ஆடப்பட வேண்டும். மூன்றாவதாக, குதிரை வளர்ப்போருக்கு அதனால் வருவாய் கிடைக்க வேண்டும். ஏழை உழவர் ஒருவர் பண்பாட்டின் பெயரால் மட்டும் குதிரையைப் பேணுவார் என எதிர்பார்ப்பது முறையன்று.

இம்மூன்றில் முதலாவதே அடிப்படை. ஆட்டத்தைக் கற்பிக்க ஆசிரியர் கிடைப்பார்; பரிசுக்குப் பொருள் கிடைக்கும். கட்டடமாகிவிட்ட புல்வெளி மீண்டும் புல்வெளியாவது அரிது. ஆதலால், எஞ்சியுள்ள ஆயிரம் குதிரைகளுக்கு நாடு உடனே தர வேண்டியது நிலமே.

சொல்லும் பொருளும்

புரவி – குதிரை
மட்டக்குதிரை – உயரம் குறைந்த குதிரையினம்
குளம்பு – விலங்கின் பாதத்திலுள்ள கடினப் பகுதி
லாயம் – குதிரை கட்டும் இடம்
சதுப்பு – நீர் தேங்கிய சேற்று நிலம்
வாளாவிருத்தல் – ஒன்றும் செய்யாமல் இருத்தல்

சிந்தித்து எழுதுக

1. மட்டக்குதிரைகள் நகரத் தெருக்களுக்கு வரக் காரணம் யாது?
2. 'மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்குவது' என்னும் தொடர் இப்பாடத்தில் எதனைச் சுட்டுகிறது?
3. கட்டுரையில் கூறப்படும் மறுப்புகளுள் ஒன்றைத் தேர்ந்து, அதனை ஆதரித்தோ எதிர்த்தோ பத்து வரிகளில் எழுதுக.
4. நீங்கள் வாழும் மாநிலத்துக்கே உரிய கால்நடை இனம் ஒன்றைப் பற்றிப் பெரியவர்களிடம் கேட்டறிந்து, வகுப்பில் தமிழில் பேசுக.